திறந்த இணையவழிப் பாடநெறி: தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

கடந்த சில ஆண்டுகளாக லா சப்பல் பகுதியில் எம்மவர் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் 'ஒன்லைன் கோர்ஸ்'. போபூர் சென் தெனி வீதியில் உணவகம் நடத்துபவர் சுகாதாரப் பயிற்சிக்கு ஒன்லைனில் பதிந்ததாகச் சொல்வார். பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிவரும் தாய், பிரெஞ்சு மொழியை ஒன்லைனில் படிப்பதாகச் சொல்வார். வேலை தேடும் இளைஞர் கணக்கியலோ கணினியோ ஒன்லைனில் முடித்துச் சான்றிதழும் எடுத்துவிட்டதாகச் சொல்வார். மூவரும் சொல்வது ஒரே சொல்லானாலும் பொருள் மூன்று. முதலாவது சட்டம் கேட்கும் பயிற்சி, இரண்டாவது எவரும் சேரக்கூடிய இலவசப் பாடநெறி. மூன்றாவது எதுவென்று அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இந்த வேறுபாடு தெரியாமல் காசை இழந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். வேலை முடிந்து நள்ளிரவில் கண்விழித்துப் படித்த மாதங்களை இழந்தவர்கள் அவர்களைவிட அதிகம். அதனால் இந்தத் துறையில் புழங்கும் முக்கியமான சொற்களை, படிக்கப் போகிறவருக்கும் பாடநெறி ஒன்றைத் தாமே நடத்த நினைக்கும் எமது பள்ளிகள், சங்கங்களுக்கும் பயன்படும்படி இங்கே விளக்க முயல்கிறோம்.

பெயர் வந்த கதை

'மூக்' என்று எல்லா மொழிகளிலும் வழங்கும் பெயர் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. தமிழில் விரித்தால் பெருந்திரள், திறந்த, இணையவழி, பாடநெறி என்று வரும். 2008 இல் கனடாவின் மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் ஆகிய இருவரும் ஒரு பாடநெறியை நடத்தினார்கள். கட்டணம் கட்டிய மாணவர்கள் 25 பேரளவில்தான். அதே பாடத்தில் இணையவழி இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000 பேருக்கு மேல். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் டேவ் கோர்மியே இந்தப் பெயரை உருவாக்கினார். 2011 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடநெறிக்கு ஏறத்தாழ 160,000 பேர் பதிந்த பின் உலகம் திரும்பிப் பார்த்தது. கோர்செரா, எட்எக்ஸ் என்னும் இரண்டு பெரும் தளங்களும் 2012 இல் தொடங்கின.

பிரான்சில் 2012 இலையுதிர் காலத்தில் 'இத்திப்பா' என்ற பாடநெறியும், 2013 இல் லில் நகரின் சென்ரால் பொறியியற் கல்லூரியின் திட்ட முகாமைத்துவப் பாடநெறியும் வழியைத் திறந்தன. 2013 ஒக்ரோபரில் உயர்கல்வி அமைச்சு 'பிரான்ஸ் யுனிவெர்சித்தே நியுமெரிக்' என்ற அரச தளத்தை அறிவித்தது. சுருக்கமாக 'ஃபன்' என்கிறார்கள். முதற் பாடங்கள் 2014 ஜனவரியில் தொடங்கின. ஆங்கிலப் பெயர் பிடிக்காத பிரெஞ்சுக்காரர் 'க்ளோம்', 'ஃப்ளோ' என்று தம் மொழியில் சுருக்கங்கள் செய்து பார்த்தார்கள். மக்கள் வாயில் 'மூக்'தான் நின்றது. இதில் எமக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. சொல்லாக்கத்தில் தடுமாறுவது தமிழர் மட்டுமல்லர்.

தமிழுக்கு இதில் ஒரு முன்கதையும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 2001 பெப்ரவரி 17 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வி முதல் பட்டம் வரை புலம்பெயர்ந்தோரை மனதில் வைத்துப் பாடங்கள் அமைத்தார்கள். மின்னூலகத்தை எவரும் பார்க்கும்படி விட்டார்கள். 'மூக்' என்ற சொல் பிறக்க அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

'திறந்த' என்றால் எது திறந்திருக்கிறது?

நாலு சொற்களில் அதிகம் குழப்புவது இதுதான். எமக்குப் பழக்கமான உதாரணத்திலிருந்து தொடங்கலாம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் நிறுவப்பட்டது. அங்கே 'திறந்த' என்பது நுழைவாயிலைக் குறித்தது. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவரும், வேலை செய்துகொண்டிருப்பவரும் உள்ளே போகலாம். கட்டணம் உண்டு, பரீட்சை உண்டு, பெயர் திறந்த பல்கலைக்கழகம்.

மூக்கில் 'திறந்த' என்பதை நாம் நான்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். நுழைவு திறந்ததா? அதாவது முன்தகைமை கேட்காமல் சேர்க்கிறார்களா? விலை திறந்ததா? எதுவரை இலவசம்? காலம் திறந்ததா? எப்போதும் சேரலாமா, குறித்த திகதிக்குள்தான் சேரலாமா? நான்காவது, உரிமம் திறந்ததா? அந்தக் காணொளியையும் பாடக்குறிப்பையும் நாம் எடுத்து எமது வகுப்பில் பயன்படுத்தலாமா?

ஃபன் தளத்துப் பாடங்களில் நுழைவு பெரும்பாலும் திறந்தது, படிப்பது இலவசம். உரிமம் பாடத்துக்குப் பாடம் வேறுபடும். பெரும் அமெரிக்கத் தளங்களில் நுழைவு திறந்திருக்கும், ஆனால் விலைக் கதவு ஆண்டுக்காண்டு ஒடுங்கி வருகிறது. தொடக்கத்தில் பாடமும் பரீட்சையும் சான்றும் இலவசம். பின்னர் சான்றுக்கு விலை வந்தது. அதன் பின் பல பாடநெறிகளில் புள்ளியிடப்படும் பயிற்சிகளுக்கே விலை வந்தது. இலவசமாகப் பார்ப்பவருக்குக் காலக்கெடு வைத்தார்கள். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. எட்எக்ஸ் 2021 இல் 80 கோடி டொலருக்கு டூயூ என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் 2024 ஜூலையில் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பைக் கோரியது. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் செலவு இருந்துகொண்டே இருக்கும்.

உரிமத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது பள்ளிகள் தவறிவிடும் இடம் இது. 'கிரியேட்டிவ் கொமன்ஸ்' என்ற உரிம முறை 2002 முதல் வழக்கில் உள்ளது. ஆக்கியவர் தன் உரிமையை விட்டுவிடாமல், மற்றவர் எதைச் செய்யலாம் என்று முன்கூட்டியே அனுமதி தருவது அதன் வழி. நான்கு நிபந்தனைகள்: பெயரைக் குறிப்பிடு, வணிகத்துக்குப் பயன்படுத்தாதே, மாற்றாதே, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிடு. இவற்றை வெவ்வேறாகச் சேர்த்து ஆறு உரிமங்கள் வரும். 'மாற்றாதே' என்ற நிபந்தனை உள்ள பாடத்தைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடக் கூடாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பும் மாற்றமே. இலவசமாகத்தானே கிடக்கிறது என்று எடுத்துத் தமிழ்க் குரல் சேர்த்து யூடியூப்பில் ஏற்றிவிட முடியாது. அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். பல பேராசிரியர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள் என்பது வேறு விடயம்.

'திறந்த கல்வி வளம்' என்ற சொல் 2002 இல் யுனெஸ்கோ கூட்டத்தில் உருவானது. அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக்குறிப்புகளை எல்லோருக்கும் இணையத்தில் வைப்பதாக அறிவித்திருந்தது. திறந்த கல்வி வளமும் மூக்கும் ஒன்றல்ல. முன்னையது புத்தக அலுமாரி. பின்னையது தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, ஒப்படை, புள்ளி எல்லாம் உள்ள வகுப்பு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2020 மார்ச்சில் பிரான்ஸ் வீட்டுக்குள் அடைபட்டபோது எமது தமிழ் வகுப்புகள் பல 'ஸூம்' வழிக்கு மாறின. அது இணையவழி வகுப்பு. திறந்த பாடநெறி அல்ல. அங்கே ஆசிரியரும் பிள்ளையும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இதை 'ஒருங்குநேரக் கற்றல்' என்பார்கள். மூக் பெரும்பாலும் 'வேறுநேரக் கற்றல்'. காணொளி அங்கே கிடக்கும், நீங்கள் வேலை முடிந்து இரவு ஒரு மணிக்கும் பார்க்கலாம். சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் நேரம் மாறி மாறி உழைப்பவருக்கு இதன் பெறுமதி தெரியும்.

பதிவு, அமர்வு, ஆவணநிலை

பெரும்பாலான பாடநெறிகள் 'அமர்வு' கணக்கில் நடக்கும். ஓர் அமர்வில் சேர்ந்தவர்கள் ஒரு 'அணி'. அவர்களுக்குள் ஆசிரியர் குழு கேள்விகளுக்குப் பதில் தரும், ஒப்படைகளுக்குக் கடைசித் திகதி இருக்கும். அமர்வு முடிந்ததும் சில பாடங்கள் 'ஆவணநிலை'க்குப் போகும். காணொளி பார்க்கலாம், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இராது, சான்றும் வராது. பதியும் முன் பாடநெறிப் பக்கத்தில் இந்த நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'சுயவேகம்' என்று குறித்திருந்தால் அமர்வு என்ற கட்டுப்பாடில்லை. அதில் தள்ளிப்போடும் சுதந்திரமும் சேர்ந்தே வருகிறது.

அதே பக்கத்தில் 'முன்தேவை' என்றொரு வரி இருக்கும். கட்டாயமில்லை, யாரும் வாசலில் மறிக்கப் போவதில்லை. ஆனால் பிரெஞ்சு பி2 வேண்டும் என்று எழுதியிருக்கும் பாடத்தில் ஏ2 மொழியோடு இறங்கினால் இரண்டாம் வாரமே மூச்சு வாங்கும். 'உழைப்பு நேரம்' என்ற வரி வாரத்துக்கு இத்தனை மணி என்று சொல்லும். அது அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கான கணக்கு. எம்மவர் ஒன்றரை மடங்காக வைத்துக்கொண்டால் ஏமாற்றமிராது என்பது எமது அபிப்பிராயம்.

முடித்தோர் வீதம்

மூக் பற்றிய செய்திகளில் 'நூறில் ஐந்து பேர்தான் முடிக்கிறார்கள்' என்ற வசனம் அடிக்கடி வரும். விகிதம் ஒன்றைக் கண்டால் அதன் கீழ் எண் எது என்று கேட்பது கணக்காளரின் பழக்கம். எட்எக்ஸ் தளத்தின் முதற் பாடநெறி, 2012 இல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடம். அதற்குப் பதிந்தவர்கள் 154,763 பேர். சான்று பெற்றவர்கள் 7,157 பேர். வகுத்தால் 4.6 வீதம். பத்திரிகைகளுக்கு இது போதும்.

இடையில் உள்ள எண்களையும் எடுத்துப் பார்ப்போம். முதல் வாரப் பயிற்சியைத் திறந்து பார்த்தவர்கள் 69,221 பேர். அதில் ஒரு புள்ளியாவது எடுத்தவர்கள் 26,349 பேர். இடைத்தவணைப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் 9,318 பேர். பயிற்சியைத் திறந்து பார்த்தவர்களைக் கீழ் எண்ணாக வைத்தால் முடித்தோர் வீதம் 10.3. ஒரு புள்ளியாவது எடுத்தவர்களை வைத்தால் 27. இடைத்தவணை தாண்டியவர்களை வைத்தால் ஏறத்தாழ 77. மேல் எண் மாறவேயில்லை.

யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் இதை நாம் பார்த்திருக்கிறோம். முதல் வகுப்புக்குக் காசில்லை என்றால் மண்டபம் நிறைந்து வெளியிலும் நிற்பார்கள். அடுத்த மாதம் இருப்பவர்கள்தான் வகுப்பு. பதிவு என்பது மூக்கில் வாசலில் எட்டிப் பார்ப்பது போன்றது, அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். ஒரு சங்கம் தன் பாடநெறிக்கு 800 பேர் பதிந்தார்கள் என்று பெருமைப்படுவதிலும் அர்த்தமில்லை, 40 பேர்தான் முடித்தார்கள் என்று கவலைப்படுவதிலும் அர்த்தமில்லை. முதல் ஒப்படையைக் கொடுத்தவர் எத்தனை பேர், அவர்களில் முடித்தவர் எத்தனை பேர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. எந்த வாரத்தில் ஆட்கள் விழுகிறார்கள் என்பதைப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரே வாரத்தில் பலர் விழுந்தால் கோளாறு அந்த வாரப் பாடத்தில் இருக்கக்கூடும்.

சான்று: மூன்று காகிதங்கள்

காசு கைமாறுவது இங்கேதான். பிரெஞ்சில் 'அத்தெஸ்தாசியோன்', 'செர்த்திபிக்கா', 'திப்லோம்' என்று மூன்று சொற்கள் உண்டு. தமிழில் மூன்றையும் 'சான்றிதழ்' என்றே சொல்லிவிடுகிறோம். அங்கேதான் வினை.

அத்தெஸ்தாசியோன் என்பது நீங்கள் பாடத்தைப் பின்தொடர்ந்து தேவையான புள்ளியை எடுத்தீர்கள் என்று பாடநெறி நடத்தியவர் தரும் உறுதிக் கடிதம். ஃபன் தளத்து இலவசப் பாடங்களில் வழமையாகக் கிடைத்தது இதுதான். இது பட்டமல்ல, பல்கலைக்கழகக் கிரெடிட் எதுவும் தராது, படித்தவரின் அடையாளம் சரிபார்க்கப்படவில்லை என்று அந்தக் காகிதத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். செர்த்திபிக்கா என்றால் பெரும்பாலும் பரீட்சை உண்டு, கண்காணிப்பு உண்டு, கட்டணமும் உண்டு. திப்லோம் என்பது அரசோ அரசு ஏற்ற நிறுவனமோ தரும் பட்டம் அல்லது பட்டயம். மூக் ஒன்றை முடித்ததற்காக மட்டும் திப்லோம் வராது.

'கண்காணிப்புப் பரீட்சை' என்பது பரீட்சை எழுதுபவர் அவர்தானா என்று உறுதி செய்வது. வீட்டிலிருந்தே கமெரா முன் எழுத வைப்பவர்கள் உண்டு. இந்தியாவின் முறை எமக்கு அதிகம் பிடித்தது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து 2003 இல் தொடங்கிய 'என்.பி.ரி.இ.எல்.' திட்டத்துக்கு சென்னை ஐ.ஐ.டி. முக்கிய மையம். அங்கே பாடம் படிப்பது இலவசம். சான்று வேண்டுமென்றால் சிறு கட்டணம் கட்டி, பரீட்சை நிலையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்த ஒப்படைகளுக்கு 25 புள்ளி, நேரடிப் பரீட்சைக்கு 75 புள்ளி. அந்தப் பாடங்கள் 2017 ஜூலையில் தொடங்கிய 'சுயம்' என்ற அரச தளத்திலும் உண்டு. 2021 விதிகளின்படி இந்தியப் பல்கலைக்கழகம் விரும்பினால் ஒரு மாணவரின் பருவப் பாடங்களில் 40 வீதம் வரை சுயம் வழியாக ஏற்கலாம். அதாவது அங்கே சான்றுக்குப் பின்னால் கிரெடிட் இருக்கிறது.

'கிரெடிட்' என்ற சொல் எம்மைப் போன்றவர்களுக்கு எப்போதும் ஒரு தடக்கல். இலங்கைக் கணக்கியலில் அதன் தமிழ் 'செலவு'. தமிழ்நாட்டுக் கணக்கியலில் அதே சொல் 'வரவு'. கல்வியில் அது படித்த உழைப்பின் அளவு. ஐரோப்பியக் கிரெடிட் ஒன்று 25 முதல் 30 மணிநேர உழைப்பு. ஓராண்டுக்கு 60. மூன்றாண்டு லிசான்ஸ் பட்டத்துக்கு 180. ஒரு பாடநெறி கிரெடிட் தரும் என்று விளம்பரம் சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டத்துக்கு, எத்தனை என்று மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்க வேண்டும்.

அடுத்த சுருக்கம் 'எர்.என்.செ.பே.'. தொழிற்தகைமைகளின் தேசியப் பதிவேடு அது. ஒரு பயிற்சியின் தகைமைக்கு அந்தப் பதிவேட்டில் எண் இருந்தால் அரசு அதன் நிலையை ஏற்றிருக்கிறது என்று பொருள். 'கலியோப்பி' என்ற முத்திரை வேறு. 2022 ஜனவரி முதல் பொதுநிதி பெறும் பயிற்சி நிறுவனங்களுக்கு அது கட்டாயம். அது நிறுவனம் நடைமுறைகளைப் பின்பற்றுகிறது என்று சொல்கிறது, அது தரும் காகிதத்துக்குச் சந்தையில் மதிப்புண்டு என்று சொல்லவில்லை. விளம்பரத்தில் இரண்டையும் கலந்து எழுதுவார்கள்.

இவற்றோடு சேர்ந்தது 'செ.பே.எஃப்.', தனிநபர் பயிற்சிக் கணக்கு. 2019 முதல் யூரோவில் கணக்கிடப்படும் இதில், அரைநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 500 யூரோ சேரும். உச்சம் 5,000. தகைமை குறைந்தோருக்கு ஆண்டுக்கு 800, உச்சம் 8,000. 2024 மே முதல் பயன்படுத்துபவரும் ஒரு பங்கு கட்ட வேண்டும். வேலை தேடுவோருக்கு விலக்கு உண்டு. இலவச மூக் படிக்க இந்தக் கணக்கைத் தொடவே தேவையில்லை. ஆனால் எம்மவருக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. பேசியவர் சிலவேளை தமிழிலேயே பேசினார். உங்கள் காசு காலாவதியாகப் போகிறது என்றார், கடவுச்சொல்லைக் கேட்டார். சிலரின் கணக்கில் ஆயிரக்கணக்கில் இருந்தது ஒரே நாளில் பூச்சியமானது. அவர்கள் கையில் மிஞ்சியது, யூடியூப்பில் சும்மா கிடக்கும் பாடங்களைப் போன்ற பத்துக் காணொளிகள். 2022 டிசம்பர் 19 சட்டம் இக்கணக்கைக் குறிவைத்துத் தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், சமூக வலைத்தளம் வழியாக ஆள் பிடிப்பதைத் தடை செய்தது. நீங்கள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பயிற்சி பற்றிய அழைப்பல்லாமல் வேறு அழைப்பு வந்தால் அதைச் சட்டவிரோதம் என்றே கொள்ளலாம்.

சில தொழில்களில் சட்டம் குறித்த பயிற்சியைத்தான் கேட்கும். வணிக உணவகத்தில் குறைந்தது ஒருவர் 14 மணிநேர உணவுச் சுகாதாரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பதிவுபெற்ற நிறுவனத்தின் பயிற்சிதான் அதற்கு ஈடு, ஊட்டச்சத்து பற்றிய நல்ல மூக் ஒன்றின் அத்தெஸ்தாசியோன் ஈடல்ல. கணக்கியலில் இது இன்னும் கூர்மையானது. கடைக்காரர் ஒருவர் கணக்கியல் மூக் படித்துத் தன் கடைக் கணக்கைத் தானே எழுதலாம். நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்து அந்த நிறுவனத்தின் கணக்கை எழுதலாம். ஆனால் கணக்காளர் குழாமில் பதியாமல் அடுத்த கடைகளின் கணக்கைத் தன் பொறுப்பில் காசுக்கு எழுதினால், 1945 செப்டெம்பர் 19 ஆணைச் சட்டப்படி அது குற்றம். ஊரில் வணிகமாணிப் பட்டம் எடுத்து, பல ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு வந்த எங்களுக்கு இது கசப்பான செய்திதான். வெளிநாட்டுப் பட்டத்துக்கு ஒப்பீட்டுச் சான்று எடுப்பது, அனுபவத்தைத் தகைமையாக ஏற்கும் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'வே.ஆ.எ.' வழி, அல்லது திறமான தொலைக்கல்விக்குக் காசு கட்டி அரச பரீட்சை எழுதுவது: பாதை இவை மூன்றிலும்தான் இருக்கிறது. மூக் அந்தப் பரீட்சைக்கு முன் பிரெஞ்சுக் கணக்கியற் சொற்களைப் பழக மிக உதவும்.

மொழியிலும் இப்படியே. பாரிஸ் அல்லியான்ஸ் பிரான்சேஸ் நடத்தும் 'விவ்ர் ஆன் பிரான்ஸ்' என்ற இலவசப் பாடநெறிகள் ஏ1, ஏ2, பி1 நிலைகளுக்கு உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. 2024 ஜனவரி 26 சட்டத்தின்படி 2026 ஜனவரி முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பொதுவாக பி1, குடியுரிமைக்கு பி2 கேட்கிறார்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் மூக் முடித்த கடிதம் மொழிச் சான்றாகாது. அங்கீகரித்த பரீட்சையை எழுதத்தான் வேண்டும்.

பாடநெறியை அமைப்பவருக்கு

எமது சங்கம் ஒன்று தமிழில் பாடநெறி செய்யப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'மிக்ரோ ஆந்திரப்ரெனர்' என்ற சிறுதொழிற் பதிவு பற்றியது என்போம், ஏனெனில் லா சப்பலில் தினமும் கேட்கப்படும் கேள்வி அது. முதலில் எழுத வேண்டியது 'கற்றற் பேறு'. 'சிறுதொழில் பற்றி விளக்கம் பெறுவர்' என்பது கற்றற் பேறு அல்ல, அதை அளக்க முடியாது. 'பாடநெறி முடிவில் கற்பவர் தன் காலாண்டு வருமானத்தை உர்சாஃப் தளத்தில் தானே அறிவிப்பார்' என்பது கற்றற் பேறு. செய்தாரா இல்லையா என்று பார்க்கலாம். இதை ஒழுங்காக எழுதினால் எந்தக் காணொளி தேவை, எது தேவையில்லை என்பது தானே தெளிந்துவிடும்.

இந்த வேலையைச் செய்பவரைப் பிரெஞ்சில் 'அஞ்செனியர் பெடகோஜிக்' என்பார்கள், தமிழில் கற்பித்தல் வடிவமைப்பாளர். பாடம் தெரிந்தவர் ஒருவர், அதைப் படிப்பவர் பக்கம் நின்று அடுக்குபவர் இன்னொருவர். இரண்டையும் ஒருவரே செய்தால் பெரும்பாலும் விரிவுரைதான் மிஞ்சும்.

பாடநெறி வாரங்களாகவும், வாரம் 'தொடர்'களாகவும், தொடர் 'கப்சூல்' எனப்படும் குறுங்காணொளிகளாகவும் பிரியும். காணொளியை ஏன் குறுக்குகிறார்கள் என்பதற்கு ஆதாரமுண்டு. எட்எக்ஸ் தளத்தில் 69 இலட்சம் தடவை காணொளி பார்க்கப்பட்ட தரவுகளை ஆராய்ந்து 2014 இல் ஃபிலிப் குவோவும் நண்பர்களும் வெளியிட்ட முடிவு: காணொளி எவ்வளவு நீளமானாலும் நடுத்தரப் பார்வை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. எமது மேடைப் பேச்சாளர்களுக்கு இது கடினமான செய்தி. படம் பிடிக்கும் முன் 'காட்சிப்பலகை' எழுத வேண்டும். எந்த நொடியில் திரையில் எது, குரலில் எது என்று இரண்டு நிரலில். பேசிவிட்டுப் பின்னர் வெட்டலாம் என்று தொடங்கினால் வெட்டுபவரின் நேரம் மூன்று மடங்காகும்.

'எழுத்துப்படி', 'துணைத்தலைப்பு' இரண்டையும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிரெஞ்சைக் காதால் பிடிக்க முடியாமல் கண்ணால் பிடிக்கும் எம் தலைமுறைக்கு அவைதான் பாடம். வேகத்தை முக்காலாகக் குறைத்து, எழுத்துப்படியை அச்செடுத்து, தெரியாத சொல்லுக்குக் கோடிட்டுப் படிப்பவர்கள் முடிக்கிறார்கள்.

மதிப்பீட்டில் இரண்டு வகை. வழியில் பிழை திருத்த வைக்கும் சிறு வினாக்கள் ஒன்று, முடிவில் புள்ளி தீர்மானிப்பது மற்றது. ஆயிரம் ஒப்படைகளை ஓர் ஆசிரியர் திருத்த முடியாது என்பதால் வந்தது 'சகபாடி மதிப்பீடு'. ஒருவர் மற்ற மூவரின் ஒப்படையைத் திருத்துவார், அவருடையதை வேறு மூவர் திருத்துவர். இதன் உயிர் 'புள்ளியிடல் திட்டம்'. இலங்கையில் பரீட்சை விடைத்தாள் திருத்திய ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதற்கு இரண்டு புள்ளி, எதற்கு ஒன்று என்று வரிவரியாக இல்லாவிட்டால் சகபாடி மதிப்பீடு சண்டையில் முடியும். எம்மவர் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்பதால் பெயர் மறைத்துத் திருத்துவதும் அவசியம்.

நடத்துபவருக்கு

மேடை, அதாவது பாடநெறி ஓடும் மென்பொருள், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 2002 இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த 'மூடில்', 2013 இல் வெளியிடப்பட்ட 'ஓப்பன் எட்எக்ஸ்' இரண்டும் திறந்த மூலநிரல். ஃபன் தளமே இரண்டாவதன் மேல்தான் எழுந்தது. சிறிய சங்கத்துக்கு மூடில் போதும். செலவு வழங்கியின் வாடகையிலும், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளிலும் வரும்.

'நெறியாளர்' என்பவர் கற்போர் எழுதும் கேள்விகளுக்குப் பதில் தருபவர், பதில் தெரிந்தவரிடம் கொண்டு சேர்ப்பவர். முதல் இரண்டு வாரம் இவருக்குத் தினமும் வேலை. தன்னார்வலர்களைக் கொண்டு காணொளி எடுத்துவிடலாம். நெறியாளரைத் தன்னார்வத்தில் மட்டும் நம்பினால் மூன்றாம் வாரம் பதில்கள் நின்றுவிடும். அமர்வுக்கு முன்பே இருவரை ஒழுங்கு செய்து, சிறு கொடுப்பனவாவது ஒதுக்குவது நல்லது.

'தனிநபர் தரவு' பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிகள் சங்கங்களுக்கும் பொருந்தும். பதிபவரின் பெயரும் மின்னஞ்சலும் எதற்காக, எவ்வளவு காலம் என்று சொல்லியே வாங்க வேண்டும். எம்மவர் பலருக்கு வதிவிட விவகாரம் இன்னும் தீராதது. பாடநெறிக்குத் தேவையில்லாத முகவரி, அட்டை இலக்கம் போன்றவற்றைக் கேட்காமல் விடுவதே பாதுகாப்பு. கற்றவர்களின் பட்டியலை வேறு நிகழ்ச்சி அழைப்புக்குக் கொடுப்பதும் மீறல்தான்.

கடைசியாக, வரவுசெலவுத் திட்டத்தில் எவரும் எழுதாத வரி: 'பராமரிப்பு'. சிறுதொழில் வருமான உச்சவரம்புகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும். பங்களிப்பு வீதங்கள் இடையிலும் மாறும். தளத்தின் முகப்பு மாறினால் நாம் எடுத்த திரைப்படப் பிடிப்புகள் பழசாகும். அதனால் மாறக்கூடிய எண்களைக் காணொளிக்குள் பேசாமல், பக்கத்தில் எழுத்தில் வைக்கிறார்கள். எழுத்தைத் திருத்தப் பத்து நிமிடம், காணொளியைத் திரும்ப எடுக்க ஒரு நாள். ஒவ்வோர் அமர்வுக்கும் முன் யார் அந்த எண்களைச் சரிபார்ப்பது என்று ஒருவரின் பெயரை எழுதி வைத்துக்கொண்டே பாடநெறியைத் திறக்க வேண்டும்.